சிறுநீரக மாற்றுக்குப் பின் லிம்போமா: மருந்தைக் குறைத்தால் சிறுநீரகம் தாங்குமா?

தாழம்பூ:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், சிறிய அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் வேளை தவறாமல் எடுத்து வந்தார், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.3-ஐத் தாண்டியதே இல்லை. சில மாதங்களாக எடை இறங்கியது, சாப்பிட்டவுடன் வயிறு முறுக்கி வலித்தது, ரத்தசோகையும் சேர்ந்துகொண்டது. முதலில் வயிற்றுப்புண் என்று நினைத்து அதற்கான மாத்திரை கொடுத்தார்கள். பின்னர் எடுத்த சிடி ஸ்கேனில் சிறுகுடலின் ஒரு பகுதி தடித்திருப்பது தெரிந்தது. அங்கிருந்து எடுத்த திசுவின் அறிக்கையில் ‘உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய நிணத்திசுப் பெருக்க நோய், ஒற்றை உருவ வகை, பெரிய பி செல் லிம்போமா’ என்று எழுதியிருக்கிறார்கள், நிணசெல்களில் வரும் ஒரு புற்றுநோயாம். சிடி20 பாசிட்டிவ், ஈபர் நெகட்டிவ் என்றும் இருக்கிறது.

டாக்டர் அன்றே மைக்கோபினோலேட்டை நிறுத்திவிட்டு டாக்ரோலிமஸைப் பாதியாகக் குறைத்தார். ஒரு மாத்திரையைக்கூட விடக்கூடாது என்று இத்தனை ஆண்டுகள் சொல்லி வந்தவர்களே இப்போது நிறுத்தச் சொல்வதால் வீட்டில் எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறோம். சிறுநீரகம் கொடுத்தவர் அண்ணி. அது போய்விடுமோ என்ற பயம் அவருக்குப் புற்றுநோய்ப் பயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. இது மற்றவர்களுக்கு வரும் லிம்போமாதானா, வேறு நோயா? மருந்தைக் குறைப்பது உண்மையிலேயே சிகிச்சைதானா, அல்லது கீமோவுக்கான முன்னேற்பாடு மட்டும்தானா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணோக்கி:

சகோதரிக்கு வணக்கம். நான் நோய்க்கூறியல் துறையைச் சேர்ந்தவன். அறிக்கையில் உள்ள சொற்களை மட்டும் விளக்குகிறேன், சிகிச்சை பற்றி அந்தத் துறையினர் சொல்லட்டும்.

மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருப்பதற்காகக் கொடுக்கப்படும் மருந்துகள் முக்கியமாக டி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் வெள்ளணுக்களை அடக்குகின்றன. அந்த டி செல்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எப்ஸ்டீன்-பார் வைரஸ் எப்போதோ தொற்றியிருக்கும். 1964-இல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் ஒருமுறை நுழைந்தால் வெளியேறாது. ஆன்டிபாடியை உருவாக்கும் வெள்ளணுக்களான பி செல்களுக்குள் ஆயுள் முழுவதும் பதுங்கியிருக்கும். அவ்வாறு தொற்றிய பி செல்கள் பெருகத் தொடங்கும்போதெல்லாம் டி செல்கள் அவற்றை அழித்துவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. டி செல்கள் கட்டுண்டு கிடக்கும்போது பி செல்கள் தடையின்றிப் பெருகுகின்றன; அவ்வாறு பெருகும்போது ஏதேனும் ஒன்றில் மரபணுப் பிழைகள் சேர்ந்தால் அதன் வழித்தோன்றல்கள் மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு உண்மையான லிம்போமாவாக மாறுகின்றன.

எனவே இது ஒரே நோய் அல்ல, ஒரு நீண்ட படிவரிசை. கீழ்ப்படியில் திசுவின் அமைப்பு குலையாமல் செல்கள் மட்டும் பெருகியிருக்கும். அதற்கு மேல் சிறிதும் பெரிதுமான பலவகைச் செல்கள் கலந்து திசுவை அழிக்கும் பல்லுருவ வகை. அதற்கும் மேல், பெரும்பாலும் ஒரே வகைச் செல்கள் நிறைந்த ஒற்றை உருவ வகை; அதில் மிகுதியாகக் காணப்படுவது உங்கள் அண்ணனுக்கு வந்துள்ள பெரிய பி செல் லிம்போமாதான். ஹாட்ஜ்கின் லிம்போமா போன்ற வகையும் உண்டு, ஆனால் அரிது. ஆகவே நுண்ணோக்கியில் பார்க்கும்போது அவருடைய நோய்க்கும் உறுப்பு மாற்றாத ஒருவருக்கு வரும் அதே லிம்போமாவுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வந்த வழியும் மருத்துவம் செய்யும் முறையும்தான் வேறு.

ஈபர் என்பது செல்லுக்குள் அந்த வைரஸின் ஆர்என்ஏ இருக்கிறதா என்று காட்டும் சாயச் சோதனை. இருந்தால் செல்லின் உட்கரு கருநீலமாகத் தெரியும். வைரஸே காரணமான திசுவில் ஏறத்தாழ ஒவ்வொரு பெரிய செல்லிலும் அது பளிச்சென்று தெரிவதைப் பார்த்தால் ஐயத்துக்கே இடமிருக்காது. உங்கள் அண்ணனின் திசுவில் அது இல்லை. மாற்று அறுவை முடிந்த முதல் ஆண்டில் வருபவை பெரும்பாலும் வைரஸ் உள்ளவை. பல ஆண்டுகள் கழித்து வருபவற்றில் கணிசமானவை வைரஸ் இல்லாதவை. இந்த ஒரு வரி சிகிச்சையின் போக்கைப் பல இடங்களில் மாற்றும் என்பதால் அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரல்வாசி:

எனக்குக் கல்லீரல் மாற்றிய சில மாதங்களிலேயே கழுத்திலும் வயிற்றிலும் நெறிக்கட்டிகள் வந்தன. எனக்கு வந்தது பல்லுருவ வகை, ஈபர் பாசிட்டிவ். டாக்ரோலிமஸைக் குறைத்ததும் சில வாரங்களில் கழுத்துக் கட்டி கையால் தடவினாலே தெரியும்படி சுருங்கியது. சிடி20 என்ற புரதம் உள்ள பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமேப் மருந்துகூடத் தேவைப்படவில்லை. எனவே மருந்தைக் குறைப்பது வெறும் முன்னேற்பாடு அல்ல, அதுவே சிகிச்சையாக அமைந்தவர்களுள் நானும் ஒருவன் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். நம்பிக்கையோடு இருங்கள்.

சீறுநீர்த்துளி:

ஈரல்வாசி அவர்கள் நலமாக இருப்பது மகிழ்ச்சி. ஆனால் அவருடைய அனுபவத்தை அப்படியே தாழம்பூவின் அண்ணனுக்குப் பொருத்தக் கூடாது என்று, மாற்று உறுப்பு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது. விரைவில் வந்த, வைரஸ் உள்ள, பல்லுருவ வகை என்றால் மருந்தைக் குறைத்தாலே கரைய வாய்ப்பு நன்றாக உண்டு. தாமதமாக வந்த, வைரஸ் இல்லாத, ஒற்றை உருவ வகை அந்த அளவுக்கு இணங்குவதில்லை. குறைப்பது எல்லோருக்கும் முதல் படி. அது மட்டுமே போதுமா என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இந்த முதல் படிக்கு ஒரு வரலாறும் உண்டு. உலகின் முதல் மனிதக் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்த தாமஸ் ஸ்டார்சலின் குழு 1984-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரினும் ஸ்டீராய்டும் எடுத்துவந்த நோயாளிகளுக்கு வந்த லிம்போமாக்கள், அம்மருந்துகளைக் குறைத்ததும் அல்லது நிறுத்தியதும் பின்வாங்கியதை அது காட்டியது. புற்றுநோய் என்றால் வெட்ட வேண்டும், எரிக்க வேண்டும், நச்சு மருந்து ஏற்ற வேண்டும் என்று மட்டுமே நினைத்திருந்த காலத்தில், கொடுக்கும் மருந்தைக் குறைத்தே ஒரு லிம்போமாவைப் பின்வாங்கச் செய்யலாம் என்பது எளிதில் நம்பக்கூடிய செய்தியாக இருந்திருக்காது.

இப்போது உங்கள் அண்ணிக்கு. டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துதான், ஆனால் அதே மருந்து சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கித் துன்புறுத்தவும் செய்கிறது. அதனால் அளவைக் குறைத்தவுடன் சிலருக்குக் கிரியாட்டினின் சற்று இறங்குவதும் உண்டு. நிராகரிப்பு வரும் ஆபத்து உண்மையானது, அதை மறைக்கவில்லை. எனவேதான் மூன்றையும் ஒரேயடியாக நிறுத்தாமல், மைக்கோபினோலேட்டை முதலில் நிறுத்தி, டாக்ரோலிமஸைக் கால் பங்கு முதல் பாதி வரை குறைத்து, பிரெட்னிசோலோனை விட்டுவைக்கிறார்கள். உங்கள் டாக்டர் செய்திருப்பதும் இதைத்தான். அடிக்கடி கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், டாக்ரோலிமஸின் ரத்த அளவு, தானம் கொடுத்தவருக்கு எதிரான ஆன்டிபாடி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் என்ற மாற்று வழியாவது இருக்கிறது. இதயமும் நுரையீரலும் மாற்றியவர்களுக்கு அந்த வழி இல்லாததால் அங்கே குறைப்பதற்கே கை நடுங்கும்.

கீமோ தொடங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் அதில் உள்ள சைக்ளோபாஸ்பமைடும் பிரெட்னிசோலோனும் தாமே எதிர்ப்பாற்றலை அடக்குபவை என்பதால், கீமோ நடக்கும் காலத்தில் நிராகரிப்பு எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே வருகிறது. முடிந்த பிறகு எந்த அளவுக்குத் திரும்புவது என்பதே கடினமான முடிவு.

மூன்றாம்வரிசை:

இந்த விளக்கங்கள் எல்லாம் நோய் வந்த பிறகு. ஒன்பது ஆண்டுகள் கிரியாட்டினின் 1.3-இல் அசையாமல் நின்ற ஒருவருக்கு ஏன் இத்தனை காலம் முழு அளவில் மருந்து கொடுத்தார்கள்? முன்பே குறைத்திருந்தால் லிம்போமா வந்திருக்காதே? என் சித்தப்பாவுக்கும் இதே கதைதான். காய்ச்சல் காய்ச்சல் என்று சொல்லிச் சொல்லி அலைந்தும் மருத்துவமனையில் ஒருவரும் எப்ஸ்டீன்-பார் சோதனை செய்யவில்லை. ரத்தத்தில் அந்த வைரஸின் அளவைக் காட்டும் பிசிஆர் சோதனையை மாதம் ஒருமுறை எடுத்திருந்தால் முன்கூட்டியே பிடித்திருக்கலாம். இதைக் கவனக்குறைவு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

சீறுநீர்த்துளி:

உங்கள் கோபம் புரிகிறது; உங்கள் சித்தப்பாவின் விவரம் தெரியாமல் அதுபற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பொதுவான கேள்விக்கு மட்டும் பதில். கிரியாட்டினின் நன்றாக இருப்பது மருந்து தேவையில்லை என்பதற்கு அடையாளம் அல்ல, மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் குறைத்தால் லிம்போமா சிலருக்குக் குறையலாம். ஆனால் தானம் கொடுத்தவருக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகி உறுப்பை மெல்ல மெல்ல இழப்பவர்கள் அதைவிடப் பலராக இருப்பார்கள். சிறுநீரகம் மாற்றியவர்களில் இந்த நோய் வருவது நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரைதான். குடல் மாற்றியவர்களில் அது 20 விழுக்காடு வரை போகிறது, ஏனென்றால் குடலோடு ஏராளமான நிணத்திசுவும் உடன் வருகிறது, அடக்கும் மருந்தும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இதயமும் நுரையீரலும் இடையில் நிற்கின்றன.

ஒருவரிடமே நிராகரிப்பு, லிம்போமா என்ற இரண்டு ஆபத்துகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைச் சங்கடம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிறகு ஒருவர் வந்து ‘மற்றப் பக்கம் சாய்ந்திருக்கலாமே’ என்று கேட்க முடியும்.

நுண்ணோக்கி:

பிசிஆர் பற்றி நான் சொல்கிறேன். ரத்தத்தில் வைரஸின் எண்ணிக்கை கூடினால் லிம்போமா என்று பொருள் அல்ல. கூடியும் நோயே வராதவர்கள் பலர். எண்ணிக்கை இல்லையென்றால் லிம்போமா இல்லை என்றும் பொருள் அல்ல. தாழம்பூவின் அண்ணனுக்கு மாதந்தோறும் எடுத்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது, ஏனெனில் அவருடைய கட்டியில் வைரஸே இல்லை. மேலும் முழு ரத்தத்தில் எடுத்த எண்ணையும் பிளாஸ்மாவில் எடுத்த எண்ணையும் ஒப்பிட முடியாது. வெவ்வேறு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடுவதற்காக உலக சுகாதார நிறுவனம் 2011-இல் பன்னாட்டு அளவுகோல் ஒன்றை ஏற்படுத்திய பிறகும்கூட, ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் தொடர்ந்து பார்த்து ஏற்ற இறக்கத்தைக் கவனிப்பதே நம்பகமானது.

அந்தச் சோதனை பெரிதும் பயன்படுவது, வைரஸ் இதுவரை தொற்றாத ஒருவருக்கு, தொற்றியவரின் உறுப்பு பொருத்தப்படும்போது. முன்பின் அறியாத வைரஸை எதிர்கொள்ளும் நேரத்தில் எதிர்ப்பாற்றலும் அடக்கப்பட்டிருக்கும். பெலட்டாசெப்ட் என்ற நிராகரிப்புத் தடுப்பு மருந்தை இந்த வைரஸ் தொற்றாதவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று விதி இருப்பதும் இந்தக் காரணத்தால்தான். அவர்களுக்கு இந்த நோய், குறிப்பாக மூளையில், மிகுதியாக வந்தது.

மழலைக்குரல்:

மேலே சொன்னது எங்கள் குழந்தையின் நிலை. கல்லீரல் மாற்றும்போது அவளுக்கு இந்த வைரஸ் தொற்றியிருக்கவில்லை, கொடுத்த அவள் தந்தைக்குத் தொற்றியிருந்தது. அறுவைக்குப் பிந்தைய மாதங்களில் பிசிஆர் தொடர்ந்து எடுத்தார்கள். எண் ஏறத் தொடங்கியபோது டாக்ரோலிமஸை இறக்கினார்கள், எண்ணும் இறங்கியது. பிறகு ஒருநாள் அவள் உறக்கத்தில் குறட்டை விடுவதைக் கவனித்தேன். குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் குறட்டை வருவது இயல்புதான். ஆனால் சளியே இல்லை, வாயைத் திறந்து பார்த்தால் இரண்டு டான்சில்களும் நடுவில் வந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துப் பரிசோதித்ததில் படிவரிசையின் கீழ்ப்படி என்று வந்தது. உறுப்பு மாற்றிய குழந்தையை வளர்க்கும் பெற்றோர்கள் குறட்டையையும், தீராத வயிற்றுப்போக்கையும், காரணமற்ற காய்ச்சலையும் டாக்டரிடம் சொல்லத் தயங்க வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் ஐயம் ஒன்று. வைரஸால் வருவதென்றால் கான்சைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தே தடுத்துவிட முடியாதா?

நுண்ணோக்கி:

நியாயமான கேள்வி. அந்த மருந்துகள் வைரஸ் தன்னைப் பிரதியெடுத்துப் பெருகும் கட்டத்தில் மட்டுமே செயல்படும். அதற்குத் தேவையான வைரஸ் நொதி பதுங்கியிருக்கும் கட்டத்தில் உருவாவதே இல்லை. கட்டியின் செல்களில் வைரஸ் பெரும்பாலும் பதுங்கிய நிலையில்தான் இருக்கிறது; செல் பிரியும்போது அதுவும் உடன் பிரிந்து செல்கிறது, அவ்வளவே. ஆகவே வந்த கட்டியை அந்த மருந்து கரைக்காது. இந்த வைரஸுக்குத் தடுப்பூசியும் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

தாழம்பூ:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றைச் சொல்கிறேன். மருந்தைக் குறைத்துச் சில வாரங்கள் பார்த்தார்கள், வலி குறையவில்லை. வாரம் ஒருமுறையாக நான்கு ரிட்டுக்சிமேப் கொடுத்தார்கள். முதல் முறை ஏற்றும்போது குளிரும் நடுக்கமும் வந்து, ஏற்றும் வேகத்தைக் குறைத்த பின் சரியாயிற்று. பிறகு எடுத்த பெட் ஸ்கேனில் குடலில் இருந்த பகுதி சுருங்கியிருக்கிறது, ஆனால் முழுவதும் மறையவில்லை. கிரியாட்டினின் 1.5 ஆகியிருக்கிறது. இப்போது ரிட்டுக்சிமேபோடு சாப் என்ற கீமோவை மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு சுற்று என்கிறார்கள். முதலிலேயே கீமோவைத் தொடங்கியிருந்தால் இந்த வாரங்கள் வீணாகியிருக்காது என்று உறவினர்கள் பேசுகிறார்கள்.

சீறுநீர்த்துளி:

வாரங்கள் வீணாகவில்லை, அம்மா. இந்த நோயாளிகளுக்கு எடுத்த எடுப்பிலேயே கீமோ கொடுத்த காலத்தில் பலர் நோயால் அல்லாமல் கீமோவின்போது வந்த தொற்றால் இறந்தார்கள். அதைக் கண்டுதான் ஐரோப்பாவில் பிடிஎல்டி-1 என்ற ஆய்வு முதலில் ரிட்டுக்சிமேப், பிறகு கீமோ என்ற வரிசையை வகுத்தது. அதன் முதல் முடிவுகள் 2012-இல் வந்தன. பின்னர் அதையே நோயாளிக்கேற்ப மாற்றினார்கள். நான்கு ரிட்டுக்சிமேபில் நோய் முழுவதும் மறைந்தவர்களுக்குக் கீமோவே இல்லை, அதே மருந்து மட்டும் தொடரும். மறையாதவர்களுக்கு உங்கள் டாக்டர் சொன்ன அதே நான்கு சுற்று. 2017-இல் வெளியான அந்த முடிவில் ஏறத்தாழ கால் பங்கினர் கீமோ இல்லாமலே தப்பினார்கள். மொத்தத்தில் 70 விழுக்காட்டினருக்கு நோய் முழுவதும் மறைந்தது. உங்கள் அண்ணன் இப்போது இந்த வரிசையின் நடுவில்தான் நிற்கிறார். என் கருத்தில் இது கச்சிதமாகத் திட்டமிட்ட பாதை.

கிரியாட்டினின் 1.5 என்பதைத் தனியாகப் பார்த்து அஞ்ச வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். உணவு சரியாக இறங்காததால் வரும் நீரிழப்பு, ஸ்கேனுக்கு ஏற்றிய சாயம், நிராகரிப்பு, சிறுநீரகத்திலேயே லிம்போமா என்று பல காரணங்கள் இருக்கலாம். ஏறிக்கொண்டே போனால் சிறுநீரகத்திலிருந்து திசு எடுப்பார்கள். ஏன் ஊகத்தில் மருந்து கொடுக்க மாட்டார்கள் என்றால், நிராகரிப்புக்கு ஸ்டீராய்டை ஏற்ற வேண்டும், லிம்போமாவுக்கு அடக்கும் மருந்தை இறக்க வேண்டும்.

நுண்ணோக்கி:

அதோடு ஒரு சேர்க்கை. அந்த இரண்டும் திசுவிலும் ஒன்றுபோலத் தோற்றம் தரக்கூடியவை. இரண்டிலும் நிணசெல்கள் கூட்டமாகச் சிறுநீரகத்துக்குள் நுழைந்திருக்கும். நிராகரிப்பில் அவை பெரும்பாலும் டி செல்கள், நுண்குழல்களின் சுவரைத் துளைத்து உள்ளே உட்கார்ந்திருக்கும். லிம்போமாவில் பி செல்கள் திரளாகக் கூடி, அங்குள்ள திசுவை ஒதுக்கித் தள்ளியிருக்கும். சிறப்புச் சாயம் இல்லாமல் முடிவு சொல்ல நான் உடன்பட மாட்டேன். நெறிக்கட்டியாக இருந்தால் ஊசியால் உறிஞ்சிய சில செல்களை மட்டும் அனுப்பாமல், முடிந்தவரை முழுக் கட்டியையே எடுத்து அனுப்புங்கள் என்று நாங்கள் நச்சரிப்பதும் இதற்காகத்தான்.

ஈரல்வாசி:

நோயாளிகள் பக்கத்திலிருந்து நான் சேர்ப்பது: குடலில் நோய் இருந்தால் சிகிச்சையில் கட்டி கரையும்போது குடலில் ஓட்டை விழலாம் என்று என்னோடு வார்டில் இருந்தவருக்குச் சொன்னார்கள். திடீர் வயிற்றுவலி, வயிறு கல் போல் இறுகுவது, காய்ச்சல் என்று எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே போகச் சொன்னார்கள். தாழம்பூ இதைக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

சீறுநீர்த்துளி:

மிகச் சரி. கீமோவுக்கு முன் இவற்றையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்: ஹெபடைடிஸ் பி சோதனையில் பழைய தொற்றைக் காட்டும் கோர் ஆன்டிபாடியும் பார்க்கப்பட்டதா, ஏனெனில் ரிட்டுக்சிமேப் அந்த வைரஸை மீண்டும் எழுப்பிவிடக்கூடும். சாப் கீமோவில் உள்ள டாக்சோருபிசின் இதயத்தைப் பாதிப்பது என்பதால் எக்கோ எடுக்கப்பட்டதா? வெள்ளணுக்களை உயர்த்தும் ஊசியும், நிமோசிஸ்டிஸ் நிமோனியாவைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோலும் திட்டத்தில் உள்ளனவா? புதிதாக ஆன்டிபயாடிக்கோ பூஞ்சை மருந்தோ யார் கொடுத்தாலும் மாற்று அறுவைக் குழுவிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம்; அவற்றுள் சில டாக்ரோலிமஸின் ரத்த அளவைப் பல மடங்கு உயர்த்திவிடும், சில தலைகீழாக இறக்கிவிடும்.

மூன்றாம்வரிசை:

நோயாளியின் ரத்தத்துக்கு வெளியிலிருந்து டி செல்களைக் கொண்டுவந்து செலுத்தும் சிகிச்சை ஒன்று இருப்பதாகப் படித்தேன். கீமோவுக்குப் பதில் அதைக் கேட்கலாமே?

நுண்ணோக்கி:

நீங்கள் குறிப்பிடுவது டாபெலெக்லூசெல். எப்ஸ்டீன்-பார் வைரஸை அடையாளம் காணப் பழக்கப்பட்ட வேறொருவரின் டி செல்கள் அவை. நோயாளியின் திசு வகையோடு ஓரளவு பொருந்துவதாகப் பார்த்து, முன்பே தயாரித்து உறைநிலையில் வைத்திருப்பவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 டிசம்பரில் அனுமதித்தது. ஆனால் அது முந்தைய சிகிச்சைக்கு இணங்காத அல்லது திரும்பி வந்த, வைரஸ் உள்ள நோய்க்கு மட்டும். அந்த டி செல்கள் தேடுவது வைரஸின் புரதங்களை. ஈபர் நெகட்டிவான கட்டியில் அவற்றுக்குத் தேட எதுவும் இல்லை. அறிக்கையில் அந்த ஒரு வரி முக்கியம் என்று சொன்னது இதையும் மனத்தில் வைத்துத்தான்.

தாழம்பூ:

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். கோர் ஆன்டிபாடி பார்க்கப்பட்டிருக்கிறது, நெகட்டிவ். எக்கோ அடுத்த வாரம். அண்ணி கேட்கச் சொன்ன ஒன்று மட்டும் மிச்சம்: ஒருவேளை இந்தச் சிறுநீரகம் போய்விட்டால், லிம்போமா வந்த ஒருவருக்கு இன்னொரு முறை மாற்றுவார்களா, அல்லது ஆயுள் முழுவதும் டயாலிசிஸ்தானா?

சீறுநீர்த்துளி:

மாற்றுவார்கள். நோய் முழுவதும் மறைந்து, பொதுவாக ஓராண்டோ அதற்கு மேலோ அது திரும்பாமல் இருந்தால் மறுமாற்றத்தைப் பரிசீலிக்கிறார்கள். அவ்வாறு மாற்றி நலமாக இருப்பவர்கள் உண்டு. எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதை நோயின் வகையையும் பரவலையும் பார்த்துப் புற்றுநோய்க் குழுவும் மாற்று அறுவைக் குழுவும் சேர்ந்து முடிவு செய்யும். எனவே சிறுநீரகத்தைக் காப்பதற்காக டாக்ரோலிமஸைத் தாமாகவே பழைய அளவுக்கு ஏற்றிக்கொள்ளும் எண்ணம் அண்ணனுக்கு வந்தால் அண்ணிதான் தடுக்க வேண்டும். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு கிரியாட்டினினும் டாக்ரோலிமஸ் அளவும் எவ்வளவு என்று எழுதுங்கள், பார்க்கலாம்.